லீவுச் சீட்டும் லைட் ஒர்க்கும்

கோவைப் பக்கம் எந்த நூல் மில்லுக்குப் போனாலும் கேட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன அறை இருக்கும். அதுதான் டைம் ஆபீஸ். மில்லில் எல்லா இடத்துக்கும் வெள்ளை அடித்து முடித்த பிறகுதான் அதற்கு முறை வரும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் அங்கே கூட்டம். மற்ற நேரத்தில் ஒரு குமாஸ்தா, ஒரு ஃபேன், அலமாரி நிறையப் பேரேடுகள். எட்டு மணி நேரம் நடந்துகொண்டே மெஷின் சைடு பார்க்கிறவரிடம் அந்த அறையைப் பற்றிக் கேட்டால், "அங்க சும்மா உக்காந்திருக்காங்க" என்பார். அந்தச் சும்மா உட்காரும் வேலையில்தான் என் உத்தியோகம் ஆரம்பித்தது. பின்னால் பெர்சனல் ஆபீசர் ஆன பிறகும் லீவுப் பேரேட்டை முழுதாக இன்னொருவரிடம் விட எனக்கு மனசு வரவில்லை.

லீவுக் கணக்கு என்றால் கழித்தல் கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இருந்தது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அது மட்டும்தான் என்றால் கால்குலேட்டர் போதும், ஆள் வேண்டாம். ஆனால் மில்லில் லீவு என்பது பாதி நேரம் வேறொன்றைக் கேட்பதற்கான வழி. நிற்க முடியாதவர் லீவு கேட்பார். ராத்திரி ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாதவர் லீவு கேட்பார். தூசியில் மூச்சு முட்டுகிறவர் லீவு கேட்பார். வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் அவர்களில் பலருக்கு அந்த லீவே தேவைப்படாது. எனவே லீவுப் பேரேட்டையும், யாருக்கு என்ன இலகு வேலை (லைட் ஒர்க்) கொடுத்திருக்கிறோம் என்ற பேரேட்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நான் பார்த்த மில்களில் முதல் பேரேடு சுமாராக இருக்கும். இரண்டாவது இருக்கவே இருக்காது.

முதலில் லீவுச் சீட்டு. காது குத்து, ஊர் நோம்பி, எழவு, தோட்டத்தில் அறுப்பு என்று எழுதி வரும். எதுவும் எழுதத் தோன்றாதபோது 'உடம்பு சரியில்லாத காரணத்தினால்'. சீட்டு நேராக டைம் ஆபீஸுக்கு வராது. மேஸ்திரியின் சட்டைப் பையில் கொஞ்ச நாள் குடியிருக்கும். அவர் சரி என்றால் சீட்டு வரும். முடியாது என்றால் சீட்டு அங்கேயே கிழிந்துவிடும். "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். ஆள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது வருகைப் பதிவான மஸ்டர் ரோலில் நாலு நாளும் சிவப்பு மையில் 'ஏ' விழுந்திருக்கும். ஆப்சென்ட்.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடம் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. எடுக்காமல் மிஞ்சியதில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 15 நாளுக்கு முன்பே முறையாக எழுதிக் கேட்டு நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த 30 நாள் வரம்பு கிடையாது. எத்தனை சேர்ந்தாலும் சேரும். அப்படியானால் மறுத்ததற்கும் ஒரு காகிதம் வேண்டும் அல்லவா? கொடுத்த லீவுக்குப் பதிவு இருக்கிறது, மறுத்த லீவுக்கு இல்லை. தொழிலாளி இழப்பது அங்கேதான்.

இதற்கு நான் கண்ட வழி பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பஸ் டிக்கெட் போல வரிசை எண் போட்ட, அடிக்கட்டை உள்ள லீவு புக். மேஸ்திரி சீட்டை வாங்கும்போதே அடிக்கட்டையில் தேதி போட்டுத் தொழிலாளி கையில் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் 'மறுக்கப்பட்டது, காரணம் ஆள் பற்றாக்குறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதம் மேஸ்திரிகள் என்னிடம் பேசவில்லை. தங்கள் கையில் இருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன் என்று கோபம். உண்மையும் அதுதான். பொங்கல் சமயத்தில் யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்று சொல்வது மேஸ்திரிக்கு ஒரு அதிகாரம். அடிக்கட்டை வந்த பிறகு அந்த அதிகாரத்துக்கு வரிசை எண் வந்துவிட்டது.

240 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலைச் சட்டத்திலும் 240, தொழில் தகராறுச் சட்டத்திலும் 240, கிராஜுவிட்டி சட்டத்திலும் 240 என்று இருந்தது. ஒரே எண் என்பதால் ஒரே கணக்கு என்று புதிதாக வரும் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எந்த நாளை வேலை நாளாகச் சேர்ப்பது என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். தொழிற்சாலைச் சட்டத்தில் லே-ஆஃப் நாட்கள், போன வருடத்துக் கணக்கில் எடுத்த விடுப்பு, 12 வாரம் வரையிலான பிரசவ விடுப்பு ஆகியவை 240இல் சேர்ந்தன. ஆனால் அந்த நாட்களுக்காகப் புதிதாக விடுப்பு சம்பாதிக்க முடியாமல் இருந்தது. 2017இல் பிரசவ விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக ஆனது. தொழிற்சாலைச் சட்டத்தின் 12 வாரம் அப்படியே நின்றது. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கு மீதி 14 வாரமும் கணக்கில் வராமல், அடுத்த வருட ஈ.எல். (சம்பாதித்த விடுப்பு) பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் சொன்னது. கம்ப்யூட்டர் மேல் தப்பு இல்லை. நிர்வாகம் மனசு வைத்து அதிகம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. சில மில்கள் கொடுத்தன, பல மில்கள் கொடுக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் விடுப்புக்கான 240 என்பது 180 ஆகியிருக்கிறது. பிரசவ விடுப்பும் அந்தக் கணக்கில் சேர்கிறது. காலம் கடந்து வந்த நல்ல மாற்றம்.

சிவப்பு மை 'ஏ'க்குத் திரும்பி வருகிறேன். ரீலிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்குக் கிராஜுவிட்டி கணக்குப் போட்டார்கள். எந்த மில் என்பது வேண்டாம். அவர் பணிக்காலத்தின் நடுவில் நாலு மாதம் தொடர்ந்து 'ஏ'. அதைக் காட்டி, அங்கே சர்வீஸ் முறிந்துவிட்டது, அதற்கு முந்தின வருடங்கள் சேராது என்று கணக்கர் ஒரு கோடு கிழித்துவிட்டார். அந்த அம்மா என்னிடம் வந்து, "அப்பப் பையனுக்கு மூளைக் காய்ச்சலுங்க சார், ஆஸ்பத்திரிலயே கெடந்தேன். திரும்பி வந்து மறுபடி அதே டோக்கன்லதானுங்க வேலை பார்த்தேன்" என்றார். கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. அப்போதைய கிராஜுவிட்டி சட்டத்தின் 2ஏ பிரிவின்படி விடுப்பு வாங்காமல் வராத நாட்களும் தொடர்ச்சியை முறிக்காது. மில்லின் பணி விதிகளான நிலையாணைப்படி, இதைப் பணி முறிவாகக் கருதுகிறோம் என்று முறையாக ஓர் உத்தரவு போட்டிருந்தால்தான் முறியும். பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். 'உடனே வேலைக்குத் திரும்பவும்' என்ற ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. உத்தரவு எதுவும் இல்லை. மஸ்டரில் எந்த மையில் எழுதினாலும் அது உத்தரவு ஆகாது. முழு சர்வீஸுக்கும் பணம் வந்தது.

லீவு முடிந்து எட்டு நாளுக்குள் வராவிட்டால் வேலை போய்விடும் என்று நிலையாணைகளில் ஒரு வரி உண்டு. அந்த வரியை மட்டும் படித்துவிட்டுப் பெயரை அடித்த மேனேஜர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். டி.கே. யாதவ் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் அப்படிப் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தொழிலாளி, நான் வந்தேன், கேட்டில் உள்ளே விடவில்லை என்றார். அவராக வரவில்லை என்றது கம்பெனி. ஆள் கேட் வரை வந்தாரா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டிய காகிதம் எது? கேட் ரிஜிஸ்டர்தான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் டைம் ஆபீஸுக்கும் நடுவில் ஒரு நோட்டு தினமும் போய்வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு அந்தத் தீர்ப்புதான் காரணம்.

நோய்க்கான லீவு வேறு ரகம். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் முதலில் வந்ததே கோவைக்குத்தான், 1955இல். மில் தொழிலாளி வீட்டில் ரேஷன் கார்டுக்கு அடுத்தபடி பத்திரமாக இருந்தது ஈ.எஸ்.ஐ. கார்டு. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் அங்கிருந்து வரும். அதற்கு முந்தின ஆறு மாதக் கட்டத்தில் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியிருக்க வேண்டும். சர்டிபிகேட் நாட்களில் மில் சம்பளம் கொடுத்திருக்கக் கூடாது. இரக்கப்பட்ட குமாஸ்தா ஒருவர், "பாவம், லாஸ் ஆகுது" என்று அந்த நாட்களில் இரண்டைச் சி.எல். (தற்செயல் விடுப்பு) ஆக்கிவிடுவார். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து சரிபார்க்கக் கடிதம் வரும்போது இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. தொழிலாளிக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடும். இரக்கம் நல்லதுதான், அதை மஸ்டரில் காட்டக் கூடாது.

அந்தச் சர்டிபிகேட்டில் நோயின் பெயர் இருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறைந்த பாபினைக் கழற்றுகிற டாஃபர் பையன் ஒருவன், காச நோய். அவன் தம்பி சர்டிபிகேட்டைக் கேட்டில் கொடுத்தான். செக்யூரிட்டி படித்தார். டைம் ஆபீஸுக்குக் கொண்டுவந்த எடுபிடி படித்தான். மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். மத்தியான ஷிஃப்ட் இறங்குவதற்குள் டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. காச நோய் மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய். ஈ.எஸ்.ஐ.யில் நீண்ட கால நோய்ப் பட்டியலில் இருப்பதால் கூடுதல் காலத்துக்கு உதவித்தொகையும் உண்டு. அவன் குணமாகித் திரும்பி வந்தான். ஆனால் சாப்பாட்டு வேளையில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. டம்ளர் தனி. சில மாதத்தில் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். பனியன் கம்பெனியில் யாருக்கும் அவன் கதை தெரியாது என்பது ஒன்றுதான் காரணம்.

அதன் பிறகு கேட்டில் ஒரு பூட்டுப் பெட்டி வைத்தோம். சர்டிபிகேட் உறையில் வரும், பெட்டியில் விழும். சாவி இரண்டு பேரிடம் மட்டும். மேஸ்திரிக்குப் போகிற சீட்டில் டோக்கன் நம்பரும் 'ஈ.எஸ்.ஐ., இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்பதும்தான் இருக்கும். என்ன வியாதி என்று கேட்டால், "உங்களுக்கு ஆள் வேணுமா, வியாதி வேணுமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மேஸ்திரிக்குத் தெரிய வேண்டியது ஆள் எத்தனை நாள் வரமாட்டார், வந்த பிறகு என்ன வேலை செய்யக் கூடாது என்ற இரண்டும்தான். எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, காகிதங்களைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். மற்ற நோய்களுக்கும் அதே மரியாதை ஏன் கூடாது?

நோயின் பெயரை மறைத்தால் பேரேடு ஊமையாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அப்படி ஆகாது. ப்ளோ ரூமில் இருந்த பெரியவர் ஒருவருடைய லீவுக் கணக்கு அதற்குச் சாட்சி. ப்ளோ ரூம் என்றால் பேல் உடைத்துப் பஞ்சைப் போடுகிற இடம். மில்லிலேயே தூசி அதிகம் அங்கேதான். அவர் வாரத்துக்கு ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுவார். "தண்ணி கேஸுங்க சார்" என்று மேஸ்திரி தீர்ப்பே சொல்லிவிட்டார். குற்றச்சாட்டுக் கடிதம் டைப் ஆகி என் மேஜைக்கு வந்தது.

எங்கள் மில்லில் வார விடுமுறை எல்லோருக்கும் ஞாயிறு கிடையாது. ஆளுக்கு ஒரு நாள், அதுவும் சில மாதத்துக்கு ஒரு முறை மாறும். லீவுப் பேரேட்டில் தேதிகள் மட்டும் இருந்ததால் அவர் நின்ற நாட்கள் திங்கள், வியாழன், புதன் என்று சிதறிக் கிடந்தன. ஒரு தாளில் அவருடைய வார விடுமுறை நாட்களையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். விடுமுறை, அடுத்த நாள் வேலை, அதற்கு அடுத்த நாள் ஆப்சென்ட். எந்த மாதத்தை எடுத்தாலும் பெரும்பாலும் இதே வரிசை. குடிக்கிறவர் விடுமுறைக்கு அடுத்த நாள்தான் நிற்பார். இவர் அன்றைக்கு வந்து முழு ஷிஃப்டும் பார்த்துவிட்டு மறுநாள் நிற்கிறார்.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் குணம் அது. ஆரம்பக் கட்டத்தில், ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும், மூச்சு திணறும். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் தணிந்ததுபோல் தோன்றும். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது இருந்தது. மில்லில் யாருக்கும் அந்த அட்டவணை நினைவில் இல்லை. பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "லீவு கழிச்சு வந்தா அன்னைக்குச் சாயங்காலம் மாருல கல்லு வச்சாப்பல இருக்குதுங்க. ராத்திரி முச்சூடும் உக்காந்தேதான் கெடக்கறது" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா வேலையை விட்டு நிறுத்திப் போடுவீங்கன்னுதான்" என்றார். இந்த நோய்க்கு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சளவு பார்த்தால்தான் பிடிபடும். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் எழுதிய அந்தத் தாளையும் கையில் கொடுத்தனுப்பினேன். நோய் உறுதியானது. அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினோம். குற்றச்சாட்டுக் கடிதம் கிழிந்தது. அந்தப் பேரேட்டில் நோயின் பெயர் எங்கேயும் இல்லை, தேதிகள்தான் இருந்தன. பக்கத்தில் வார விடுமுறையையும் எழுதியதால் அவை பேசின. அன்று முதல் எங்கள் லீவுக் கார்டில் வார விடுமுறைக்கு ஒரு தனிக் கட்டம்.

லைட் ஒர்க் விஷயத்தில் மில்களின் பழக்கம் வாய்வார்த்தை. கார்டிங்கில் இரண்டு விரலை இழந்த ஒருவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவ வாரியம் ஊனத்துக்குச் சதவீதம் போட்டுக் கொடுத்து மாதாமாதம் பணமும் வந்துகொண்டிருந்தது. மில்லில் அப்போதைய மாஸ்டர் நல்ல மனிதர். "நீ ஸ்டோர்ஸ்ல உக்காந்து பாபின் எண்ணு" என்று சொல்லிவிட்டார். எந்த ஃபைலிலும் இது ஏறவில்லை. வருடங்கள் ஓடின, மாஸ்டர் மாறினார். புதிதாக வந்தவர் ஆள் கணக்கைப் பார்த்தார். கார்டிங் சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆள் ஸ்டோர்ஸில் என்ன செய்கிறார் என்று கேட்டுத் திருப்பி மெஷினுக்கு அனுப்பிவிட்டார். அவர் என்ன செய்வார்? லீவு போட ஆரம்பித்தார். ஈ.எல். தீர்ந்தது, சி.எல். தீர்ந்தது, லாஸ் ஆஃப் பே ஏறியது. கடைசியில் ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் அடிக்கிற நிலைமை. புது மாஸ்டரும் கெட்டவர் இல்லை. பழைய மாஸ்டர் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் அவர் கை வைத்திருக்க மாட்டார். எழுதாமல் கொடுத்த சலுகை, கொடுத்தவர் டிரான்ஸ்ஃபர் ஆகும்வரைதான் என்பதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அதிலிருந்து ஒரு நீள நோட்டு ஆரம்பித்தேன். எந்தச் சட்டமும் கேட்காத நோட்டு. யார் கேட்டார், எந்தத் தேதியில் கேட்டார், என்ன கேட்டார், எதைச் செய்ய முடியாது, என்ன கொடுத்தோம், எந்தத் தேதியிலிருந்து, யார் ஒப்புக்கொண்டார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும். 'எதைச் செய்ய முடியாது' என்ற கட்டத்தில் நோயை எழுதக் கூடாது என்று கண்டிப்பு. 'தொடர்ந்து அரை மணிக்கு மேல் நிற்க இயலாது' என்று எழுதலாம், 'வெரிகோஸ்' என்று எழுதக் கூடாது. மறுத்தால் ஏன் மறுத்தோம், அதற்குப் பதிலாக வேறு என்ன சொன்னோம் என்றும் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கை எலும்பு முறிந்து ஆறு வாரத்துக்கு லைட் ஒர்க் வாங்கியவர் ஆறு வருடமாக அங்கேயே இருப்பார். உண்மையிலேயே தேவைப்படுகிற ஆளுக்கு இடம் இருக்காது. தேதி போட்டு, அந்தத் தேதியில் கூப்பிட்டுப் பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு குறையும்.

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தபோது அதன் 22ஆம் பிரிவைப் படித்து எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகள் பற்றியும், அவர்களுக்குச் செய்து கொடுத்த வசதிகள் பற்றியும் பதிவு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. 21ஆம் பிரிவு, சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடச் சொல்கிறது. அரசு நிறுவனங்களில் வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் ஆளை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 20ஆம் பிரிவு. தனியார் மில்லுக்கு அந்தக் கடைசிப் பாதுகாப்பு அதே அளவில் இல்லை என்பது இந்தச் சட்டத்தின் பெரிய குறை. இருந்தாலும் என் நீள நோட்டுக்கு ஒரு பிரிவு எண் கிடைத்துவிட்டது. அதன் பிறகு எந்த மாஸ்டரும், "இது எதுக்கு சார் வீண் வேலை?" என்று கேட்கவில்லை.

கர்ப்பிணிப் பெண்களின் விஷயத்தில் எழுத்து இன்னும் முக்கியம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பிரசவத்துக்கு முந்தின ஆறு வாரத்துக்கும் முன்னாலுள்ள ஒரு மாதத்தில், கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கிற வேலையோ கொடுக்கக் கூடாது என்றது. அந்த ஆறு வாரத்திலும் அவர் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தால் அப்போதும் அப்படித்தான். ஆனால் அதில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் என்று ஒரு வார்த்தை இருந்தது. எந்தப் பெண் எழுதிக் கொடுத்துக் கேட்பாள்? சூப்பர்வைசர் அக்காவிடம், "காலு வீங்குதுங்க்கா, நிக்க முடியல" என்பாள். அக்கா, "இன்னும் கொஞ்ச நாளுதான் கண்ணு, சமாளி" என்பாள். சட்டத்தின் கண்ணில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாய்மொழியாகச் சொன்னதையே கோரிக்கையாக எடுத்து, அன்றைய தேதியில் சூப்பர்வைசரே நீள நோட்டில் எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். வைண்டிங்கில் நிற்கிறவளுக்குக் கோன் பரிசோதிக்கும் மேஜையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்க மில்லுக்கு என்ன செலவு?

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கைரேகை மெஷின் ரீலிங் பெண்கள் பலருக்கு ரேகையே எடுக்கவில்லை, நூல் இழுத்து இழுத்துத் தேய்ந்த விரல்கள். அதனால் கையால் பதிவு, அதனால் மறுபடி, வந்தாரா இல்லையா என்ற பழைய சண்டை. லீவு பேலன்ஸைப் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது ஒவ்வொருவரிடமும் பிரின்ட் காட்டிக் கையெழுத்து வாங்காத மில்களில் பேலன்ஸ் தகராறு இன்றும் ஓடுகிறது. இலகு வேலைக்கு நான் பார்த்த எந்த சாஃப்ட்வேரிலும் இடம் இல்லை. 'ரிமார்க்ஸ்' என்ற மூலைக் கட்டத்தில் போட்டால் எந்த ரிப்போர்ட்டிலும் அது பிரின்ட் ஆகாது. பழைய பேரேட்டில் தப்பு எழுதினால் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் திருத்தி, சுருக்கொப்பம் போட்டுத் தேதி போட வேண்டும். ஒயிட்னர் பாட்டிலை என் அறைக்குள்ளேயே நான் விட்டதில்லை. கம்ப்யூட்டரில் பழைய எண் இருந்த தடமே இல்லாமல் புது எண் உட்கார்ந்துவிடுகிறது. வாங்குகிற சாஃப்ட்வேரில், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு என்று ஒரு பேரேடும் சம்பளத்துக்கு என்று ஒரு பேரேடும் வைத்திருக்கிற இடங்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே இருப்பது பேரேடு இல்லை.

பழைய பேரேடுகளை எத்தனை வருடம் வைப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் கேட்பது சில வருடக் கணக்குத்தான். கிராஜுவிட்டிக்கு வருகிறவர் முதல் வருடத்திலிருந்து கேட்பார். ஆகவே கடைசி ஆள் கணக்குத் தீரும்வரை லீவுக் கார்டைத் தூக்கிப் போடக் கூடாது. ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் பக்கத்து அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஈரமும் கரையானும் சேர்ந்து ஒரு மழைக்காலத்தில் தின்று தீர்த்துவிடும். சர்டிபிகேட்டுகள் வேறு பீரோவில், வேறு சாவியில்.

தொழிலாளி பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். லீவுப் புத்தகம் தொழிலாளியின் சொத்து, பதிவு போடுவதற்காக வாங்கினாலும் நிர்வாகம் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று தொழிற்சாலை விதிகள் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தன. அதை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் மிகக் குறைவு. இப்போது புத்தகத்துக்குப் பதிலாக மொபைலில் ஆப் வந்துவிட்டது. அதனால் ஜனவரி பிறந்ததும் உங்கள் லீவு பேலன்ஸை பிரின்ட் எடுத்து, டைம் ஆபீஸில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைட் ஒர்க் கேட்டால் ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள், இரண்டு நகல் எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.